ஆலோசனைக் குழு: தீர்மானத்தில் எழுதப்பட வேண்டியவை

கரூர் போன்ற ஊரில், மாநகராட்சிக்குப் பொருளாதார வளர்ச்சி ஆலோசனைக் குழு ஒன்று வேண்டும் என்று கவுன்சிலர்கள் கூடும் மன்றத்தில் தீர்மானப் பொருள் வந்தால் எல்லோரும் முதலில் உறுப்பினர் பட்டியலைத்தான் புரட்டுவார்கள். நான் வேறொரு வரியைத் தேடுவேன்: குழு சொன்னதற்கு யார், எத்தனை நாளில், எழுத்தில் பதில் தர வேண்டும்? அந்த வரி இல்லாத வரைவை ஆதரிக்க மாட்டேன்.

குழுவின் தேவையில் எனக்குச் சந்தேகமில்லை. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தோடு வந்த 12ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு 18 பணிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அதில் மூன்றாவது, பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுவது. ஆனால் அலுவலகத்துக்குள் போய்ப் பாருங்கள். பொறியியல், சுகாதாரம், வருவாய், நகரமைப்பு என்று பிரிவுகள் இருக்கும். இந்த மூன்றாவது பணிக்கென்று ஒரு மேசைகூட இருக்காது. யாருடைய கோப்பும் இல்லாத வேலை நகராது.

எதைப் பேசலாம் என்பதில்தான் பல குழுக்கள் தடம் மாறுகின்றன. நூல் விலை, ஜிஎஸ்டி, வங்கிக் கடன், மின் கட்டணம் எல்லாம் தொழில் செய்வோரின் நிஜமான வலிகள். ஆனால் ஒன்றுகூட மாநகராட்சியின் கையில் இல்லை. இவற்றைப் பேசினால் மிஞ்சுவது சென்னைக்கும் டெல்லிக்கும் போகும் கடிதங்கள்தான். மாநகராட்சியின் கையில் இருப்பவை சாலை, வடிகால், தெருவிளக்கு, சந்தை, பேருந்து நிலையம், கட்டட அனுமதி, தொழில் உரிமம், வாடகைக் கடைகள். சிறிதாகத் தெரியும், அப்படியில்லை.

ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் வீட்டு உபயோகத் துணி தைத்து ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போக வேண்டிய 40 அடி கன்டெய்னர் அந்தத் தெருவுக்குள் திரும்ப முடியாது. முனையில் சிறுபாலம் குறுகல், வடிகால் மேல் போட்ட படிக்கட்டுகள் சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், எதிர்ப்பக்கம் டூவீலர்கள். ஆகவே பெட்டிகளைக் குட்டியானையில் ஏற்றி, மெயின் ரோட்டில் இறக்கி, மறுபடி கன்டெய்னரில் ஏற்றுவார்கள். ஏற்றுகூலி இரண்டு மடங்கு. மழை வந்தால் சரக்கு நனையும். சிறுபாலத்தை அகலப்படுத்தி, படிகளை அகற்றி, பார்க்கிங்கை ஒரு பக்கமாக்கினால் தீரும். மூன்றும் மாநகராட்சி செய்யக்கூடியவை. இதைச் சொல்லத் தெரிந்தவர் பெரும்பாலும் டெஸ்பாட்ச் பார்க்கும் மேனேஜர். சங்கத் தலைவர் மேடைக்கு அவர் வருவதில்லை.

அதனால் பதவி பார்த்து ஆள் எடுப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. 11 பேர் போதும்; கோரம், அதாவது கூட்டம் நடக்கக் குறைந்தது வர வேண்டியவர்கள், 6 பேர். உறுப்பினர்கள் 11க்கு மேல் போனால் தேதி ஒத்துவராது. தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014 இதில் நல்ல முன்மாதிரி: நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதுவும் அவர்களுக்குள் தேர்தல் வைத்து, அந்த இடங்களில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு. இங்கேயும் ஜாப் ஒர்க் செய்பவர், பஸ் பாடி பட்டறைக்காரர், தையலுக்கு கிராமத்திலிருந்து வந்து போகும் பெண் தொழிலாளி ஆகியோருக்கு இடம் எழுதியே வைக்க வேண்டும். தொழிலாளி வரவேண்டுமானால் கூட்டம் ஷிப்ட் முடிந்த பிறகு நடக்க வேண்டும். காலை 11 மணிக்கு வைத்தால் அவருக்கு அரை நாள் கூலி போகும்.

ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிக்கும் ஓர் இடம் வேண்டும். திருப்பூர் சாயக்கழிவு நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த நொய்யல் காவிரியில் கலப்பது கரூர் மாவட்டத்தில். பாதிக்கப்படுபவரின் குரலைத் தொழில் வளர்ச்சிப் பேச்சிலிருந்து விலக்கி வைத்தால், அது பிறகு நீதிமன்றத்தில் கேட்கும். அப்போது எல்லோருக்கும் இழப்பு பெரிது.

எனக்கு மிகவும் கவலை தருவது நிலம். பேருந்து நிலையம் எங்கே மாறும், எந்தச் சாலை அகலமாகும் என்ற தகவல் மேசைக்கு வரும்போது, அங்கே மனை வைத்திருப்பவர் உறுப்பினராக உட்கார்ந்திருக்கக் கூடாது. சேரும்போதே நகர எல்லைக்குள்ளும் சுற்றிலும் உள்ள சொத்து விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பந்தப்பட்ட பொருள் வந்தால் அறையை விட்டு வெளியே போக வேண்டும். போனதாகக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். ‘வாக்களிக்காமல் இருந்தால் போதும்’ என்பது போதாது, காதில் விழுந்ததே காசு.

அடுத்தது காலம். பட்ஜெட் மார்ச்சுக்குள் மன்றத்துக்கு வரும். எஸ்டிமேட் வேலை அதற்குப் பல வாரங்கள் முன்பே தொடங்கிவிடும். குழுவின் பரிந்துரை நவம்பருக்குள் ஆணையர் கையில் இருக்க வேண்டும். பிப்ரவரியில் வருவது பரிந்துரை அல்ல, மனு. ஆணையர் 60 நாளில் ‘ஏற்கிறோம்’, ‘இல்லை, இந்தக் காரணத்தால்’ என்று எழுதித் தர வேண்டும். கூட்டம் வருடத்துக்கு நான்கு போதும். அஜெண்டா 7 நாள் முன்பாக.

கவுன்சிலர்களின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஓட்டு வாங்காதவர்கள் வார்டு வேலையை முடிவு செய்வதா என்று அவர்கள் கேட்பது சரி. முடிவு மன்றத்துடையதாகவே இருக்கட்டும்; பரிந்துரையின் நகல் அந்த வார்டு கவுன்சிலருக்கு அதே நாளில் போகட்டும். குறிப்பேட்டை வெளியிடத் தனி விதி தேடவும் வேண்டாம்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆவது பிரிவின்படி, எந்தெந்தக் குழுக்கள் உண்டு, அவற்றின் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பதை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும்.

செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஓர் உதவியாளரின் பாதி நேரத்தைத் தவிர. அந்தப் பாதி நேரத்தை ஆணையிலேயே ஒதுக்காவிட்டால், பிறப்புச் சான்றிதழ் மேசையில் இருப்பவர் தலையில் இது விழும். இரண்டாவது கூட்டத்துக்கே குறிப்பு தயாராகாது. குழுவின் ஆயுளை 2 ஆண்டு என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். நீட்டிக்க வேண்டுமானால் புதிதாகப் பொருள் வைத்து, எத்தனை பரிந்துரை வந்தது, எத்தனைக்குப் பதில் போனது, எது வேலையாக முடிந்தது என்ற பதிவேட்டை இணைத்து மன்றத்திடம் கேட்க வேண்டும்.