அலையைத் தாங்கும் பார்

கடல் கரையை அரிக்கிறது என்ற செய்தி வந்தவுடன் நம் கடலோர ஊர்களில் எழும் முதல் கோரிக்கை, தூண்டில் வளைவு எனப்படும் கல் தடுப்பை அமைத்துத் தர வேண்டும் என்பதுதான். வீட்டு வாசல் வரை அலை வந்துவிட்ட நிலையில் நிற்பவர்கள் அதைக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆயினும் கடலுக்குள் நீட்டிக் கொட்டப்படும் கருங்கல், கரையோரமாக நகரும் மணலையும் சேர்த்தே மறித்துவிடுகிறது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை தேய்ந்தது. தேய்ந்த இடத்தில் கல் கொட்டினால், அரிப்பு அதற்கு அடுத்த ஊரைத் தேடிப் போகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு தடுப்பு மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே வரிசையாக அமைந்த 21 தீவுகளைச் சுற்றி வளர்ந்திருக்கும், பார் எனப்படும் பவளப்பாறைகளில் 117 வகைப் பவளங்கள் பதிவாகியுள்ளன. ஆழத்திலிருந்து வரும் அலை பாரின் விளிம்பில் ஏறும்போதே உடைகிறது. உடைந்த நீர் மேடும் பள்ளமுமான பாறைப் பரப்பில் உராய்ந்து மிச்சமிருக்கும் வேகத்தையும் இழக்கிறது. உலகின் பல கடல்களில் எடுக்கப்பட்ட அளவீடுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பவளப்பாறைகள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைக் குறைக்கின்றன என்று கணக்கிட்டது.

இந்தத் தடுப்பைப் பராமரிப்பவை அதில் வாழும் உயிர்களே. புயலில் கிளைகள் முறிந்தால், முறிந்த துண்டுகளைச் சுண்ணாம்புப் பாசிகள் மீண்டும் ஒட்டவைக்கின்றன. ஓரா மீனும் கிளி மீனும் பாறையின் மேல் படரும் பாசியை மேய்ந்து, பவளத்தின் குஞ்சுகள் வந்து ஒட்டுவதற்கு இடம் ஏற்படுத்துகின்றன. கிளி மீன் பாறையோடு சேர்த்துக் கடித்து அரைத்து வெளியேற்றும் சுண்ணாம்பு, தீவின் கரைக்கு மணலாகவே வந்து சேர்கிறது. களவா மீனும் சிங்கி இறாலும் ஒதுங்கும் பொந்துகள்தாம் அலையின் வேகத்தைச் சிதறடிக்கும் சொரசொரப்பையும் தருகின்றன என்பதால், பாரில் மீன் குறைவதையும் கரையில் அரிப்பு கூடுவதையும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவருக்கு மிக அருகில் நின்று பார்த்தால், அதைக் கட்டிய முருகைக்கற்களில், அதாவது பவளக் கற்களில், சிறு சிறு குழிகளும், ஒவ்வொரு குழிக்குள்ளும் நடுவை நோக்கிச் செல்லும் மெல்லிய தடுப்புகளும் தெரியும். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் குடியிருந்த இடம். உருண்டையாக வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் என்பதை நினைத்தால், ஒரு முருகைக்கல்லின் வயதை ஓரளவு உணரலாம். அப்படிப்பட்ட கல்லைத்தான் வீடு கட்டவும் சுண்ணாம்புக் காளவாயில் இட்டு நீற்றவும் பல தலைமுறைகளாக வெட்டி எடுத்தோம். 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆனால் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகளும் நீருக்குள் போய்விட்டன. பவளம் வெட்டியெடுக்கப்பட்டதே அதற்கு முதன்மையான காரணமாகச் சொல்லப்படுகிறது.

தூத்துக்குடிக்கு மிக அருகிலுள்ள வான் தீவும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. 1986இல் சுமார் 16 ஹெக்டேராக இருந்த அதன் பரப்பு 2014இல் ஏறத்தாழ 2 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. தமிழக அரசும் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையமும் 2015 முதல் அங்கே செய்த பணி, என் பார்வையில், நம் கரையில் நடந்த மிக அறிவார்ந்த கட்டுமானங்களில் ஒன்று. அடி அகன்று மேல் குறுகி, பக்கங்களில் துளைகள் விடப்பட்ட கான்கிரீட் அமைப்புகளை ஆயிரக்கணக்கில் தீவுக்கு முன்னே கடலடியில் இறக்கினார்கள். துளைகள் வழியே நீர் போய்வருவதால் அலை முட்டித் திரும்பாமல் தளர்ந்து உள்ளே வருகிறது. அது சுமந்துவரும் மணல் தீவின் பக்கத்தில் படிகிறது. சுருங்கிக்கொண்டிருந்த தீவு மீண்டும் மணல் சேர்க்கத் தொடங்கியது, அமைப்புகளின் மேல் பவளக் குஞ்சுகள் ஒட்டின, மீன்களும் குடியேறின.

இது முழுத் தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன். பவளத்தின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகள், கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது வெளியேறிவிடுவதால் பவளம் வெளுத்து, வெப்பம் நீடித்தால் செத்தும் போகிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடா அப்படி ஏராளமான பவளங்களை இழந்தது. கான்கிரீட்டை எவ்வளவு இறக்கினாலும் நீரின் சூடு தணியப் போவதில்லை. ஆனால் கழிவுநீர், பாரின் மேல் இழுபடும் வலை, வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டுக் குருசடைத் தீவுப் பகுதியில் பவளத்தை மூடிப் படர்ந்த கப்பாபைகஸ் என்ற அயல் கடற்பாசி ஆகிய மூன்றும் நம் கைக்கு எட்டியவை. அவற்றைக் கட்டுப்படுத்தினால், வெப்பத்திலிருந்து பிழைத்த பவளம் மீண்டுவருவதற்கு அவகாசம் கிடைக்கும். தூத்துக்குடிப் பகுதியின் மற்றொரு தீவான காரைச்சல்லியும் இப்போது வேகமாகச் சுருங்கிவருகிறது. அங்கே இறக்கப்படும் ஒவ்வொரு கான்கிரீட் அமைப்போடும், சுற்றியுள்ள உயிருள்ள பாரைக் காப்பதற்கான செலவும் அதே திட்டத்தில், அதே ஆண்டில் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே நான் முன்வைக்கும் கோரிக்கை.