ஆறே ஆறு அணுக்கள்

டம்ளரில் ஊற்றிய காபி ஆற, சூடு வெளியே போக வேண்டும். 'வெளியே' என்று ஒன்றே இல்லாவிட்டால்?

2016-இல் ஹார்வர்டில் இயற்பியலாளர் மார்கஸ் கிரைனரின் குழு, லேசர் ஒளியால் கட்டிய குழிகளில் ஆறு ரூபிடியம் அணுக்களைக் குழிக்கு ஒன்றாக உட்கார வைத்து, குழிகளுக்கு இடையிலான தடுப்பைத் திடீரென்று தாழ்த்தியது. சில மில்லி நொடிகளில் ஒவ்வொரு குழியும் வெப்பச் சமநிலைக்கு வந்துவிட்டதுபோலவே காட்டியது. ஆனால் ஆறையும் சேர்த்து அளந்தால், மொத்த அமைப்பும் தூய குவாண்டம் நிலையிலேயே, அதாவது எந்தத் தகவலும் சிதறிப்போகாத நிலையிலேயே, இருக்கிறது! எதுவும் தொலையவில்லை. ஒன்றை விட்டு இன்னொன்றைத் தனியாக விவரிக்க முடியாதபடி அணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதால், துண்டாகப் பார்க்கும்போது மட்டும் அது வெப்பமாகத் தெரிகிறது. மற்ற குழிகளே ஒரு குழிக்குச் சூழலாகிவிடுகின்றன.

இதை அளக்க, ஒரே அமைப்பின் இரண்டு நகல்களைச் செய்து அவற்றை அலைகளைப் போல ஒன்றோடொன்று குறுக்கிட வைத்தார்கள். எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்காதது அந்தச் செய்முறையில்தான். நேற்றிரவு மறுபடி படித்தேன், தூக்கமே வரவில்லை.