கல்வட்டங்களுக்கு அருகில் வீடு கட்ட அனுமதி பெற்ற அனுபவம்

செங்கல்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் நீலப் பலகை புதிதல்ல. குன்றுச் சரிவுகளிலும் ஏரிகளை ஒட்டிய மேட்டு நிலங்களிலும் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், அதாவது கற்களை வட்டமாக நிறுத்திய கல்வட்டங்கள் போன்ற பழங்காலப் புதைகுழிகள், கூட்டம் கூட்டமாகப் பரவிக் கிடக்கும் பகுதி இது. சானூரிலும் குன்னத்தூரிலும் 1950களிலேயே அகழாய்வுகள் நடந்துள்ளன. எங்கள் பூர்வீக நிலமும் அத்தகைய புதைகுழிகள் நிறைந்த, பாதுகாக்கப்பட்ட ஈமக்காடு ஒன்றின் பக்கத்தில் இருப்பதால், வீடு கட்டுவதற்கு முன் தடையின்மைச் சான்று பெற வேண்டியிருந்தது.

1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 2010இல் வந்த திருத்தமும் இதில் தெளிவாக இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதிய கட்டடத்துக்கு இடமே இல்லை. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை ஒழுங்குமுறைப் பகுதி. அங்கே அனுமதி பெற்றுக் கட்டலாம். ஊரில் பலரும் கண்ணுக்குத் தெரியும் கடைசிக் கல்வட்டத்திலிருந்து இந்தத் தூரத்தை அளக்கிறார்கள். சட்டமோ பாதுகாக்கப்பட்ட பரப்பின் விளிம்பிலிருந்து அளக்கச் சொல்கிறது. கோயிலுக்கு மதில் உண்டு, கோட்டைக்கு அகழி உண்டு. ஈமக்காட்டுக்கு எல்லை என்பது பெரும்பாலும் வருவாய்த் துறையின் புலப்படத்தில் இருக்கும் கோடுதான். ஆகவே, வீட்டு வரைபடம் போடுவதற்கு முன்பே பட்டா, சிட்டா, புலப்பட நகல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, ஈமக்காட்டைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த அரசு அறிவிக்கையில் உள்ள சர்வே எண்ணின் எல்லைக்கற்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. சீமைக்கருவேலப் புதருக்குள் மறைந்திருந்த ஓர் எல்லைக்கல்லை நில அளவையர் கண்டுபிடித்த பிறகுதான், நாங்கள் மனையாக நினைத்திருந்த இடத்தின் கிழக்குப் பாதி தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் வருவது தெரிந்தது.

வீட்டை மேற்கே தள்ளலாம் என்று போய்ப் பார்த்தபோது அங்கேயும் ஒரு வட்டம் இருந்தது. செம்பூரான் பாறைகள் மண்ணுக்குள் பாதி புதைந்து வளையமாக நின்றன. நடுவில் கூழாங்கல்லும் சரளையும் சற்றே மேடாகக் குவிந்திருந்தன. ஓரத்தில் எறும்புப் புற்று தள்ளிய மண்ணோடு ஓர் ஓடு கிடந்தது; உட்புறமும் வாயோரமும் கறுப்பு, அடிப்பகுதி சிவப்பு. இந்த வட்டாரத்தில் இத்தகைய குவியல்களுக்கு அடியில் தாழிகளோ, வரிசையாகக் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளோ இருப்பதை அகழாய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊரார் இதைப் பாண்டவர் குழி என்பார்கள். எங்கள் பெரியப்பா அந்த இடத்தில் ஏர் ஓட்டியதே இல்லை. அவர் அஞ்சி விட்டுவைத்ததால்தான் அது எங்கள் தலைமுறைவரை வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அறிவிக்கப்பட்ட பரப்புக்குள் அது வரவில்லை என்றாலும், மனையை அதற்கும் தெற்கே மாற்றினோம். அந்த வட்டத்தையும் வரைபடத்தில் குறித்து, படம் எடுத்து விண்ணப்பத்தோடு இணைத்தோம். அதனால் எங்களுக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை. மறைத்தால்தான் வீடு கட்ட முடியும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதை யாரும் நம்ப வேண்டாம்.

விண்ணப்பத்தை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். நில ஆவணங்கள், இருப்பிட வரைபடம், கட்டடத்தின் தளப்படம், முகப்புப் படம், வெட்டுத்தோற்றம், நாற்புறப் புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்தோம். உயரம் என்ற இடத்தில் மாடிப்படிக் கூரையையும் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்த மொத்த உயரத்தைத் தர வேண்டும். வரைபடம் போட்டுத் தந்தவர் தொட்டியை விட்டுவிட்டதால் விண்ணப்பம் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது, திருத்தி அனுப்பினோம். என் கருத்தில், ஈமக்காட்டின் அருகில் உயரத்தைவிட ஆழமே முக்கியம். கல்வட்டத்தின் தோற்றத்தை மறைக்கும் சுவரைப் பின்னாளில் இடித்துவிடலாம், கடைக்காலுக்காகத் தோண்டி உடைத்த தாழியை மீட்க வழியே இல்லை. ஆகவே அடித்தளத்தின் ஆழத்தையும், நிலவறை இல்லை என்பதையும் கேட்பதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது.

இத்தகைய அனுமதிகளுக்காக அரசு நியமித்த தகுதியுடைய அலுவலர் 15 நாட்களுக்குள் விண்ணப்பத்தைத் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதங்களுக்குள் தன் கருத்தைத் தெரிவிக்க வேண்டும். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் அலுவலர் முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள கால அளவு. இடத்தைப் பார்வையிட வந்தவர்கள் மனையின் மூலைகளில் நின்று தூரத்தைச் சரிபார்த்தார்கள். எல்லைக்கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தது அப்போது பெரிதும் உதவியது.

சான்று கைக்கு வந்ததும் அதன் நகலோடுதான் ஊராட்சியின் கட்டட அனுமதிக்குப் போனோம். கடைக்காலுக்கு ஜேசிபியை வரவழைக்காமல் ஆட்களை வைத்தே தோண்டினோம். மண்ணில் பழம்பொருள் தென்பட்டால் வேலையை நிறுத்த வேண்டும் என்று கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். அப்படிக் கிடைப்பதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்திலேயே இருக்கிறது. சரளையைத் தவிர எதுவும் வரவில்லை. இப்போது பெற்றிருக்கும் சான்று தரைத்தளத்துக்கு மட்டுமே. செங்குத்தாகவோ பக்கவாட்டிலோ கூட்டிக் கட்டுவதையும் சட்டம் புதிய கட்டுமானமாகவே கொள்வதால், மாடி எழுப்ப நினைத்தால் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும்.