பழி கார்டின் மேல்

2011-இல் வாங்கிய மடிக்கணினி. லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போட்ட பிறகு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் வைஃபை நின்றுபோனது. உள்ளே இருக்கும் வைஃபை கார்டு போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்த அவசரத்துக்கு விலை முந்நூறு ரூபாய்.

டெர்மினலில், இணைந்திருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை அடித்தபோது கார்டின் பெயர் வந்தது. செத்த கார்டு பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வராது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். நானோ சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் அதே மாடலைத் தேடிப் பிடித்தேன். சில மடிக்கணினிகளின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்), தன் பட்டியலில் இல்லாத கார்டைச் செருகினால் தொடங்கவே மறுக்கும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறந்தேன். கார்டின் மேல் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆன்டெனா கம்பிகள். நுனியில் மிளகில் பாதிகூட இல்லாத உலோகத் தொப்பி. நகத்தால் நேராக மேலே நெம்பினால் கழன்றுவிடும். திரும்ப மாட்டுவதுதான் சோதனை: கோணலாக அழுத்தினால் நசுங்கிவிடும். நாலாவது முயற்சியில் ‘டிக்’கென்று உட்கார்ந்தது.

புதிய கார்டிலும் வைஃபை இல்லை.

அப்போதுதான், வைஃபையை எது தடுக்கிறது என்று காட்டும் ஆர்எஃப்கில் கட்டளை நினைவுக்கு வந்தது. ‘சாஃப்ட் பிளாக்டு: நோ. ஹார்டு பிளாக்டு: எஸ்.’ மென்பொருள் தடுக்கவில்லை, சுவிட்ச் தடுக்கிறது! முன்விளிம்பில் வைஃபைக்கென்று ஒரு தள்ளுசுவிட்ச் இருப்பதையே மறந்திருந்தேன். தொட்டால் தொளதொளவென்று ஆடியது. எந்தப் பக்கம் தள்ளினாலும் ‘எஸ்’தான்.

என் கார்டு மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை. அதன் விளிம்பில் 52 உலோக முனைகள். 20-ஆவது முனையில் மின்னழுத்தம் தாழ்ந்தால் ரேடியோ அணைந்துவிடும். சுவிட்சை மாற்றக் கணினியை முழுக்கப் பிரிக்க எனக்குப் பொறுமை இல்லை. சுவிட்சின் தடை கார்டுக்கு எட்டாதபடி அந்த முனையை மூடிவிட முடிவு செய்தேன். இரட்டைப்படை முனைகள் உள்ள பக்கத்தில், வெட்டுப்பள்ளத்தைத் தாண்டி நீளமான பகுதியில் இரண்டாவது அது. செலோ டேப்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கீற்றை பிளேடால் நறுக்கி, இடுக்கியால் பிடித்து ஒட்டினேன். முதல் கீற்று பக்கத்து முனையையும் மூடியது. அடுத்தது விரலோடு வந்துவிட்டது. மூன்றாவது நின்றது.

ஒட்டியது பழைய கார்டில்தான். கணினி தொடங்கியதும் பக்கத்து வீடுகளின் வைஃபை பெயர்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. முந்நூறு ரூபாய்க் கார்டு மேசை இழுப்பறையில் கிடக்கிறது.