எலுமிச்சைத் துளிருக்கு எந்த மருந்து?

ஐப்பசி மழை நாலு நாள் விட்டால் போதும், எங்கள் புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சை மரமெல்லாம் ஒன்றாகத் துளிர்விடும். பார்க்க அழகுதான், ஆனால் ஒரே வாரத்தில் அந்தத் துளிரில் நத்தை ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளிக் கோடு ஓடி இலை சுருண்டுவிடும். இலைத்துளைப்பான். புழு இலைத்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்கிறது, மேலோட்டமாகப் படுகிற மருந்து அதைத் தொடாது. இது எனக்கு விளங்க இரண்டு வருடம் ஆனது.

முதல் வருடம் சுருண்ட இலையைக் கடையில் காட்டினேன். "அண்ணாச்சி, இதை அடிங்க, மறுநாளே தெரியும்" என்று லாம்டா சைஹாலோத்ரின் கொடுத்தார்கள். மறுநாள் தெரிந்ததுதான், பொறிவண்டும் சிலந்தியும் செத்துக் கிடந்தன. துளைப்பான் அப்படியே இருந்தது. கொஞ்ச நாளில் இலைச்சாற்றை உறிஞ்சுகிற செம்பேன் வேறு வந்துவிட்டது, அதைத் தின்கிற பூச்சிகளை நானே கொன்றுவிட்டேனே!

சரி என்று போன வருடம் மூன்று வரிசைக்கு மூன்று மருந்து, நாலாவதுக்கு ஒன்றும் இல்லை என்று பிரித்துக்கொண்டேன்.

இமிடாகுளோபிரிட் (17.8 சதம்), பதினாறு லிட்டர் டேங்குக்கு 5 மில்லி. இலைக்குள் ஊடுருவும், அதனால் இருப்பதிலேயே அதிக நாள் தாங்கியது இதுதான், அசுவினியும், துளிரில் சாறு உறிஞ்சுகிற சைலிட் பூச்சியும்கூட அடங்கின. சிக்கல் என்னவென்றால் எலுமிச்சையில் துளிரும் பூவும் பெரும்பாலும் சேர்ந்தே வரும், பூ விரிந்திருக்கும்போது இதை அடித்தால் தேனீக்குச் சாவு. இன்னொன்று, இதை அடித்துவிட்டு அடுத்த தடவை தயாமீத்தாக்சம் வாங்கி "மருந்தை மாத்திட்டேன்" என்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே வகை, பெயர்தான் வேறு, பூச்சி பழகிக்கொள்ளும்.

டைமெத்தோயேட் (30 சதம்), லிட்டருக்கு 2 மில்லி. கேட்டது, ஆனால் அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போக மூன்று துவைப்பு ஆனது. வாரத்துக்கு இரண்டு தடவை காய் எடுக்கிற தோட்டத்தில் அடித்த பிறகு இத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது என்று லேபிளில் போட்டிருக்கிற காத்திருப்பு நாளை எப்படிக் கடைப்பிடிப்பது? காய் இருக்கும்போது நான் இனி இதைத் தொடமாட்டேன்.

வேப்பங்கொட்டைக் கரைசல், 5 சதம். டேங்குக்கு 800 கிராம் பருப்பை இடித்து ராத்திரி ஊறப்போட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோப்பு கலந்து, சாயங்காலம்தான் அடிக்க வேண்டும், வெயிலில் வீரியம் போய்விடும். நாசில் அடைக்கிற எரிச்சல் தனி. கோடு விழுந்த இலையை இது காப்பாற்றாது. துளிர் விரல் நீளம் இருக்கும்போதே அடித்து ஒரு வாரத்தில் மறுபடி அடித்த மரங்களில் மட்டும் இலை பெரும்பாலும் தப்பியது. இமிடாகுளோபிரிடும் அப்படித்தான், சுருண்ட பிறகு அடித்த இரண்டு மரத்துக்கு அதுவும் உதவவில்லை.

நாலாவது வரிசைதான் ஆச்சரியம். பெரிய மரங்களில் காய் ஒன்றும் குறையவில்லை! இலை முற்றியதும் துளைப்பான் தானாக விட்டுவிடுகிறது. மூன்று நாலு வயதுக்குள் இருக்கிற கன்றுகளுக்குத்தான் உண்மையான அடி. ஆனால் பெரிய மரத்தை அப்படியே விட்டுவிடலாம் என்றும் சொல்ல மாட்டேன், புழு குடைந்த வழியாகச் சொறி நோய் உள்ளே போகும், காயில் சொறி விழுந்தால் மண்டியில் ஒதுக்கிவிடுவார்கள்.

அதனால் இப்போது கன்றுகளுக்கு வேப்பங்கொட்டை, ரொம்ப மீறினால் பூ இல்லாத நேரத்தில் ஒரே ஒரு தடவை இமிடாகுளோபிரிட். யூரியாவையும் ஒரே தடவையில் கொட்டுவதில்லை, கொட்டினால் துளிர் விட்டுக்கொண்டே இருக்கும், துளைப்பானுக்கு விருந்து.

அப்புறம், கொல்லையில் நிற்கிற கறிவேப்பிலையும் எலுமிச்சைக்குச் சொந்தம்தான். சைலிட்டும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிப் புழுவும் அதிலும் வரும். அதற்கும் ஒரு டேங்க் அடிக்கட்டுமா என்று கேட்டதற்கு அம்மா, "அடிச்சுட்டு ரசத்துல எதைடா போடுறது?" என்றார். பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கிற அந்தப் புழுவைத் தினமும் காலையில் கையால்தான் பொறுக்கிப் போடுகிறேன்.