மாயாவிக்கு மறையாத கை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி அறையில் ஞாயிறு மாலைகளில் ஐந்து பேர் கூடி டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆடுகிறோம். நான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்திக்கொண்டு, எதிரிகளுக்கும் வழியில் வருபவர்களுக்கும் குரல் கொடுப்பவள். மற்ற நால்வரும் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று அவர் என்ன செய்கிறார் என்று சொல்லிக்கொண்டே போக, முடிவு உறுதியில்லாத இடங்களில் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். கடற்காற்று தாள்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதால் அவற்றின் மேல் கேரம் ஸ்ட்ரைக்கரை வைத்திருப்போம். வரைபடத்திலும் கேரம் காய்கள்தாம் ஆட்கள்: கறுப்பு எதிரிகள், வெள்ளை பொதுமக்கள், எதைக் காப்பாற்ற வேண்டுமோ அது சிவப்பு.

எங்கள் முதல் சூப்பர் ஹீரோ கேம்பெயின், அதாவது வாராவாரம் தொடரும் கதை, மூன்றாவது வாரத்திலேயே நின்றுபோனது. தவறு என்னுடையது. நால்வரையும் அவரவர் வீட்டிலேயே ஹீரோவை உருவாக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். வந்தவர்களோ எதற்கும் அஞ்சாத, எவரையும் நம்பாத, இரவில் தனியே உலவுகிற நான்கு பேர். "அக்கா, இன்னாத்துக்கு நாங்க நாலு பேரும் ஒண்ணா சுத்தணும்?" என்று காசிமேட்டுத் தம்பி கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

இரண்டாவது முறை எல்லாவற்றையும் ஒரே அறையில், ஒரே மாலையில் செய்தோம். சக்தியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு அதன் எல்லையைப் பற்றிப் பேசினோம். 1972-இல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவியை என் தலைமுறைக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மின்சாரம் பாய்ந்தால் அவர் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் மறையாது. அந்தக் கையை எவரேனும் பார்த்துவிடுவார்களோ, அடுத்த மின் இணைப்பு கிடைப்பதற்குள் உருவம் திரும்பிவிடுமோ என்ற பதற்றத்தில்தான் பக்கத்தைப் புரட்டினோம். கையும் மறைந்திருந்தால் அவரை இத்தனை ஆண்டுகள் நினைவில் வைத்திருப்போமா என்பது சந்தேகமே.

இந்த ஆட்டங்களை வடிவமைத்தவர்களும் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். 1981-இல் வெளிவந்த சாம்பியன்ஸ் ஆட்டத்தில் சக்திகளைப் புள்ளி கொடுத்து வாங்க வேண்டும். பலவீனங்களையும் பகைகளையும் பொறுப்புகளையும் ஏற்றுக்கொண்டால் கூடுதல் புள்ளி கிடைக்கும். நாங்கள் ஆடும் மியூட்டன்ட்ஸ் அண்டு மாஸ்டர்மைண்ட்ஸில் பவர் லெவல் 10, அதாவது பத்தாம் வலிமை நிலையில் உள்ள ஹீரோவுக்கு 150 புள்ளிகள். அதில் தாக்கும் திறமும் தாக்குதலின் வலுவும் சேர்ந்து 20-ஐத் தாண்டக்கூடாது என்ற விதி எனக்கு மிகவும் பிடிக்கும். எட்டும் பன்னிரண்டுமாகப் பிரித்தால் அரிதாகவே படும், பட்டால் ஆள் எழமாட்டான். பதின்மூன்றும் ஏழுமாகப் பிரித்தால் ஒவ்வோர் அடியும் படும், ஒன்றும் முடிவாகாது. ஒரே கூட்டுத்தொகைக்குள் இரண்டு வேறு மனிதர்கள் பிறந்துவிடுகிறார்கள்.

அன்று பிறந்த நால்வரைச் சொல்கிறேன். ராயபுரத்தில் குத்துச்சண்டை பழகும் மாணவி: மூன்று நிமிடம் எவராலும் நெருங்க முடியாத வேகம், பிறகு ஒரு நிமிடம் கட்டாய ஓய்வு, அந்த ஒரு நிமிடம் அவள் வெறும் பள்ளிச் சிறுமி. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் வெல்டர்: இரு இரும்புத் துண்டுகளைக் கையாலேயே ஒட்டவைப்பார், ஆனால் ஒட்டியதைப் பிரிக்க அவராலேயே முடியாது. காசிமேட்டில் மீன் ஏலம் விடும் பெண்மணி: அவர் எண்ணிக்கொண்டிருக்கும் வரை கேட்பவர்கள் அசைய முடியாது, கூட்டாளிகளும் கேட்பவர்களில் அடக்கம். நான்காமவன் எண்ணூர்க்காரன், நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில் மட்டும் நீர் அவன் சொல் கேட்கும். முகத்துவாரத்தில் அவனை வெல்ல ஆளில்லை. வியாசர்பாடிக்கு வந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஓர் இளைஞன். எண்ணெய் படிந்த நீரும் அவனுக்குக் கட்டுப்படாது என்று அவனை ஆடுபவரே சேர்த்துக்கொண்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூரில் படகுகளிலும் வலைகளிலும் படிந்ததை அவர் நேரில் பார்த்தவர். அந்த வரியை எழுதும்போது அறையில் ஒருவரும் பேசவில்லை.

எல்லைகள் இப்படி அமைந்ததும் குழு பாதி உருவாகிவிட்டது. மாணவியின் ஓய்வு நிமிடத்தில் அவள் முன்னால் நிற்க ஒருவர் வேண்டும். ஏலக்காரம்மா வாய் திறப்பதற்குள் மற்றவர்கள் காதைப் பொத்த ஒரு சைகை வேண்டும். ஆயினும் தேவை இருப்பதாலேயே மனிதர்கள் சேர்ந்து இருந்துவிடுவதில்லை என்று எனக்குத் தோன்றியது. இதற்கு வழி காட்டியது, முதலில் கேள்வி கேட்ட அதே தம்பிதான். "ஒரே போட்ல போனா பங்கு உண்டுல்லக்கா?" என்றான். அவன் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகிறார்கள்; பிடிபட்ட மீனில் படகுக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பிரிப்பது அவனுக்குச் சோறு போட்ட கணக்கு.

ஆகவே கதாபாத்திரத்தின் விவரங்களை எழுதிவைக்கும் தாளான கேரக்டர் ஷீட் ஒவ்வொன்றிலும் 'பங்கு' என்று ஒரு கட்டம் வரைந்தோம். வலப்பக்கம் அமர்ந்திருப்பவருக்கு நீ என்ன கடன்பட்டிருக்கிறாய் என்பதை அதில் எழுத வேண்டும். இளம் ஹீரோக்களைப் பற்றிய மாஸ்க்ஸ் என்ற ஆட்டத்தில், குழு முதன்முதலில் சேர்ந்த நாளைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்கு விடை சொல்லி அந்த நாளைக் கூடிக் கட்டும் முறை உண்டு. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். வெல்டர் ஒருமுறை அவசரத்தில் ஒரு கதவை ஒட்டிவிட, அதன் பின்னால் மாணவியின் அண்ணன் சிக்கிக்கொண்டான் என்பது இப்படித்தான் வந்தது. அவள் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. அவரோ ஒவ்வொரு சண்டையிலும் அவளுடைய ஓய்வு நிமிடத்துக்கு முன்னால் போய் நிற்கிறார். இதை என்னால் தனியாக எழுதியிருக்க முடியாது.

பெயரை மட்டும் அன்று வைக்கவில்லை. ஊர் வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது வாரம், ஆட்டத்துக்குள், கும்மிடிப்பூண்டி மார்க்கத்தின் கடைசி மின்சார ரயிலைப் பிடித்து நால்வரும் எண்ணூரில் இறங்கியபோது வெள்ளம் முழங்கால் வரை ஏறியிருந்தது. கூரை மேல் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியின் குரலில் நான், "கடைசி வண்டியில வந்துட்டீங்களாடா?" என்றேன். ஏலக்காரம்மாவை ஆடுபவர் பேனாவை எடுத்துத் தம் ஷீட்டின் தலைப்பில் 'கடைசி வண்டி' என்று எழுதினார். மற்ற மூவரும் அவர் எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, பேனாவை வாங்கி எழுதினார்கள்.