பையன்களோடு கபடி ஆடிய வருஷம்

அம்மா தவறியபோது நான் ஒன்பதாம் வகுப்பு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கொப்பரைக் களத்தில் அம்மாவுக்கு வேலை. காலையில் நன்றாகத்தான் போனார், மத்தியானம் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கருமாதி கழித்துப் பள்ளிக்கூடம் போனேன். நான் வந்தாலே பேச்சு நின்றுவிடும். வீட்டுப்பாடம் எழுதாவிட்டாலும் டீச்சர் கேட்க மாட்டார். வீட்டில் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி), "ரெண்டு வாய் உண்ணு கண்ணு" என்று பின்னாலேயே வருவார். அத்தனை பேரும் பிரியமாகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் வாய் திறக்கவே வரவில்லை. எது கேட்டாலும் தலையாட்டல்தான்.

பெரியப்பா மகன் அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, கபடி அணியில் இடது மூலையில் நின்று பிடிக்கும் லெஃப்ட் கார்னர். சாயங்காலம் அவனோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் ஆள் குறைந்தது. "அம்மிணி, சும்மாதானே உக்காந்திருக்கே, எறங்கு" என்றார் பி.டி. சார். ஏன் எழுந்து போனேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

பெண்களுக்கு அணி கிடையாது, ஏழு பேர் சேரவே இல்லை. பையன்கள் போட்டியில் பெண்ணை இறக்க விதியில் இடமில்லை. பயிற்சியில் மட்டும் ஆடலாம் என்று அப்பாவிடம் சார் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். இடுப்பைப் பிடிக்கக் கூடாது, கணுக்காலும் தொடையும் மட்டும்தான் என்று பையன்களுக்கும் கட்டளை.

ஆனால் அவர்கள் என்னைப் பிடிக்கவே இல்லை. நான் பாடிப் போனால் பின்னால் நகர்ந்து வழி விடுவார்கள். தொட்டால் "சரி, பாயிண்ட்" என்று வெளியே போய் நிற்பார்கள். பாவம் பார்த்தார்கள். வீட்டில் நடந்ததேதான் இங்கேயும். சார் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். "புடிக்கறதா இருந்தா ஆடுங்க. இல்லைன்னா அந்தப் புள்ளைய வீட்டுக்கு அனுப்பிடறேன்."

அடுத்து நான் பாடிப் போன ரெய்டிலேயே அண்ணன் என் கணுக்காலைப் பிடித்தான். மூலைக்குப் பக்கத்து இடமான கவரில் நின்ற இரண்டு பேர் கை கோத்துச் செயின் போட்டு மேலே விழுந்தார்கள். எங்கள் களத்தில் மண்ணைக் கொத்தி, நார் மில்லில் கிடைக்கும் தூளைக் கலந்து பரப்பியிருப்போம். அது மூக்கு, வாய், முடி எல்லாம் அப்பிக்கொண்டது. முழங்கை தேய்ந்து எரிந்தது. அங்கேயே அழுதேன். அம்மா போனபிறகு எல்லோர் முன்னாலும் அழுதது அன்றைக்குத்தான். யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஒருவன் கையை நீட்டித் தூக்கிவிட்டு, "பாட்டு வுட்டுட்டே, அவுட்டு. போய் நில்லு" என்றான். அந்தக் கணத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எத்தனையோ நாள் கழித்து ஒருவர் என்னிடம் சாதாரணமாகப் பேசினார்.

அப்புறம் இந்தப் பாட்டு. ரெய்டுக்கு 30 விநாடி. நடுவருக்குக் கேட்கும்படி விடாமல் 'கபடி கபடி' என்று சொல்லிக்கொண்டே, எதிரணிப் பக்கம் குறுக்கே போட்டிருக்கும் பால்க் லைன் என்ற கோட்டைத் தாண்டித் திரும்ப வேண்டும், குரல் அறுந்தால் அவுட். நானோ வாரக்கணக்கில் பேசாதவள். தொண்டை அடைத்துக்கொள்ளும். "கேக்கலை, கேக்கலை" என்று சார் கத்துவார். தோப்பில் வரப்பு மேல் நடந்துகொண்டே சொல்லச் சொல்லி அண்ணன் பழக்கினான். குரல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அது வந்தபிறகு வீட்டிலும் பேச்சு வந்தது. சோறு வேண்டும், குழம்பு வேண்டாம், அவ்வளவுதான். அமுச்சிக்கு அதுவே பெரிசு.

சொந்தத்தில் பேச்சு எழாமல் இல்லை. "வயசுக்கு வந்த புள்ள பசங்களோட கட்டிப் பொரளறதா?" என்று அத்தை கேட்டார். அப்பா ஒன்றும் பேசாமல் ஒரு சாயங்காலம் மைதானத்துக்கு வந்து, முழு ஆட்டத்தையும் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதை எடுக்கவில்லை.

2023 அக்டோபர் 7, ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் பெண்கள் கபடி இறுதி. அண்ணன் போனைச் சுற்றி அணியே உட்கார்ந்திருந்தது. இந்தியா 26, சீனத் தைபே 25. ஒரே ஒரு புள்ளி! அந்த ஆசியப் போட்டியில் நம் நூறாவது பதக்கம் அதுதான். பெண்கள் ஆட்டத்துக்கு இந்தப் பையன்கள் அப்படிக் கத்துவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. திங்கட்கிழமை எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் சிலர் சாரிடம் போய்ப் பேர் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம், சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிக்கு எங்களுக்கென்று ஓர் அணி போனது. 13க்கு 10 மீட்டர் ஆண்கள் களத்தில் பழகிய எனக்கு, 12க்கு 8 மீட்டர் பெண்கள் களத்தில் நாலு எட்டு வைத்தாலே போனஸ் கோடு வந்துவிட்டது. கடைசியில் நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம். எதிரணியில் நல்ல உயரமான ரெய்டர். நான் கணுக்காலைப் பிடிக்க, மற்ற இருவரும் மேலே விழ, சூப்பர் டேக்கிள், அத்தனை குறைந்த ஆளோடு பிடித்ததால் ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. ஆனாலும் தோற்றோம்.

திரும்பும்போது பஸ்ஸில் சின்னப் பிள்ளை ஒருத்தி, "அக்கா, உங்கம்மா எப்பிடி இருப்பாங்க?" என்று கேட்டாள். தேங்காய் பருப்பு எடுக்கிற வேகம், களத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்தது, என் தலையைப் பின்னும்போது திட்டுவது என்று எல்லாம் சொன்னேன். எங்கள் ஸ்டாப் வந்தும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நானும் சொல்லிக்கொண்டே இறங்கினேன்.